ஐக்கியப் பந்தலும் ரெண்டு கயிறும்

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க. செல்லுக்கு சார்ஜுதானே? ரெண்டாவது பிளக்குல சொருகுங்க. முதல் பிளக்கைத் தொட்டுராதீங்க, அது மெயின். பஸ்ஸு இனி மூணு மணிக்கு மேலதான். இன்னைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. டிரைவரும் கண்டக்டரும்கூட எங்க ஆளுவதான், ரெண்டு பேரும் பந்தலுக்குள்ளதான் இருக்காவ. ஜெனரேட்டர் இரைச்சல்ல நான் பேசுதது கேக்குதுல்லா? கேக்கும். இதுக்குப் பக்கத்துல இருந்து பேசிப் பேசியே என் தொண்டை இப்படி ஆயிட்டு.

நீங்க எந்தச் சபை? ஓ, இந்துவா! ரொம்ப சந்தோசம். இந்த ஊர்ல மனசு விட்டுப் பேசணும்னா ஒரு இந்துதான் தம்பி வேணும். எங்காளுக கிட்ட ஒண்ணு சொன்னா, அது எந்தச் சபை வழியாப் போயி எந்தச் சபை வழியா வெளியே வரும்னு யாருக்கும் தெரியாது.

என் பேரு ஞானாபரணம். இந்த மைக் செட்டு, குழாய் ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் நம்மளுதுதான். இந்தப் பந்தலும் சும்மா பந்தல் இல்லை, ஐக்கியப் பந்தல். பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்திருப்பீங்களே, பூவரசன்விளை ஐக்கியக் கிறிஸ்தவப் பெருமக்கள் நடத்தும் மூன்று மணி நேரத் தியானம்னு. பெருமக்களாம்! நல்லா வருது வாயில. ஊர்ல ஏழு சபை. ஆர்.சி. ஒண்ணு, எங்க சி.எஸ்.ஐ. ஒண்ணு, ரட்சணிய சேனை ஒண்ணு, மிச்சம் நாலும் பெந்தெகொஸ்தே. அந்த நாலும் ஒரே சபையா இருந்து பிரிஞ்சதுதான். ஒருத்தருக்கு கீபோர்டு ஆகாது, ஒருத்தருக்குக் கம்மல் ஆகாது, ஒருத்தருக்கு மத்த ரெண்டு பேரும் ஆகாது. நாலாவது ஏன் பிரிஞ்சுதுன்னு அவியளுக்கே மறந்துபோச்சு. கேட்டா ஆவியானவர் பிரிச்சாருன்னு சொல்லுவானுவ. ஆவியானவருக்கு வேற சோலி இல்லை பாருங்க.

இருங்க, சத்தம் கொஞ்சம் இரையுது. ...ம், இப்ப சரி. இப்பப் பேசுதாரே, இவருதான் ரட்சணிய சேனை மேஜர். பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது, பேருதான் மேஜர். நடுவுல நடுவுல மூச்சு வாங்குவாரு. ஜனங்க அழுவுதாருன்னு நினைச்சுக்கிடும்.

உங்களுக்கு விசயம் தெரியாதுல்லா, சொல்லுதேன். இயேசு சாமி சிலுவையில தொங்கும்போது ஏழு வார்த்தை பேசினாருன்னு கணக்கு. இவங்களை மன்னிச்சிரும்னு ஒண்ணு, பக்கத்துல தொங்கின திருடனுக்கு ஒண்ணு, பெத்த தாயை ஒரு சீஷன் கையில ஒப்படைச்சது ஒண்ணு, இப்படி ஏழு. உச்சி வேளையில இருந்து மூணு மணி வரைக்கும் வார்த்தைக்கு ஒரு பிரசங்கம். முன்னெல்லாம் ஏழு சபையும் ஏழு இடத்துல நடத்தும். எல்லாத்துக்கும் ஒரே நேரம், எல்லாத்துக்கும் மைக் வேணும். என்கிட்ட நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான். மத்ததெல்லாம் கரகரன்னு இழுக்கும். எந்தச் சபைக்கு நல்லதைக் குடுத்தாலும் மத்த ஆறு சபைக்கும் நான் யூதாஸ். போதாததுக்கு, இவன் தன் குழாயை அவன் கோயிலைப் பாத்துத் திருப்பி வைப்பான். அவன் உடனே என்னைக் கூப்பிட்டு, அண்ணாச்சி, அந்தச் சத்தத்தை அமுக்குத மாதிரி கூட்டி வையிங்கன்னுவான். அன்னைக்கு எங்க ஊர்ல இயேசு சாமி ஏழு பக்கமும் ஒரே நேரத்துல கத்திக்கிட்டு இருப்பாரு. நாய்கூட ஊரை விட்டு ஓடிரும்.

அப்பதான் கர்த்தர் எனக்கு ஒரு தரிசனத்தைக் குடுத்தாரு. ஒரே பந்தல், ஒரே மைக். ஐக்கியம்! இந்த ஊர்ல அந்தச் சொல்லை முதல்ல சொன்னவன் நான்தான் தம்பி, எழுதி வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு வீட்டு நடையா ஏறி இறங்கினேன். நாம எல்லாரும் ஒரே சரீரம்யா, ஒரே ரத்தம்யான்னு கரடியாக் கத்தினேன். ஒரு வழியா ஒத்துக்கிட்டானுவ. ஆனா எந்தச் சபைக் காம்பவுண்டுக்குள்ளயும் மத்தவன் காலை வைக்க மாட்டான். அதனாலதான் இந்தப் பள்ளிக்கூட மைதானம்.

பந்தல் போட்டா ஆச்சா? எந்த வார்த்தை எந்தச் சபைக்குன்னு கமிட்டி கூடினானுவ. அடடா, அந்தக் கூத்தை நீங்க பாத்திருக்கணும். மன்னிச்சிரும்னு சொன்ன முதல் வார்த்தை எங்களுக்குத்தான் வேணும்னு நாலு பேரு சட்டையைப் பிடிக்காத குறை. தாகமா இருக்குன்னு சொன்ன வார்த்தையை ஒருத்தனும் சீண்டலை. அதுல பேச ஒண்ணும் இல்லையாம். மேஜர் தலையில கட்டினோம், அவியதான் தண்ணிப் பந்தல் வைக்காவ, பொருத்தமா இருக்கும்னு சொல்லி. இந்த வருசம் எப்படியோ ரெண்டாவதைக் கேட்டு வாங்கிட்டாரு, கெட்டிக்காரரு. அப்புறம் அந்த மூணாவது வார்த்தை. தாயை ஒப்படைச்ச வார்த்தை. ஆர்.சி. சாமியார் சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு, அது எங்களுக்குத்தானே, மாதா விசயமாச்சேன்னு. உடனே பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஜெபசிங் எந்திரிச்சு நின்னுட்டாரு. மேடையில மாதாவைப் புகழ்ந்தா எங்க சனம் எந்திரிச்சுப் போயிரும்னாரு. எங்க குருவானவர் ரெண்டு பக்கமும் தலையை ஆட்டுதாரு. அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும். கடைசியில சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சிலுவைக்கு அடியில சேவகனுவ இயேசு சாமி அங்கிக்குச் சீட்டுப் போட்டானுவல்லா, அதே மாதிரி. நான் வாய் விட்டே சொன்னேன். ஒருத்தனும் சிரிக்கலை.

அந்தா பாருங்க, இந்த ஓலைத் தட்டி இடுக்கு வழியாப் பாருங்க. பந்தலுக்குள்ள நீளவாக்குல ரெண்டு கயிறு தெரியுதா? அதுவும் என் யோசனைதான். இடது பக்கம் ஆர்.சி., நடுவுல நாங்க, வலது பக்கம் மத்த சபைங்க. முதல் வருசம் கயிறு இல்லை. எல்லாம் ஒண்ணா உக்காந்து ஒரே குழப்பம். எங்காளுக எந்திரிச்சா ஆர்.சி.க்காரவ முழங்கால் போடுவாவ, பெந்தெகொஸ்தேக்காரனுவ கையைத் தட்டுவானுவ. யாரு எப்ப என்ன செய்யணும்னு தெரியலை. கயிறு கட்டின பிறகுதான் ஐக்கியத்துக்கு ஒரு ஒழுங்கு வந்துச்சு. எல்லாரும் பாராட்டினாவ. ஒரே கூரைக்குக் கீழ எல்லாரும் அவங்கவங்க இடத்துல. இதைவிட என்ன வேணும்?

கயிறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கிடக்கட்டும்.

சரி, உங்ககிட்டச் சொல்லுததுல என்ன. முதல் வருசம் பாட்டுக்கு எல்லாச் சபைப் பிள்ளைகளையும் சேத்து ஒரே குழுவாப் பாட வச்சோம். எனக்கு ஒரு மக. அவ பேரை நான் இப்பச் சொல்லுததில்லை. நல்லாப் பாடுவா. கோயில்ல அவ பாடினா நான் சத்தத்தைத் தொடவே மாட்டேன், தானா கணீர்னு நிக்கும். ஆர்.சி. பக்கத்துல இருந்து தபேலா அடிக்க ஒருத்தன் வந்தான். இன்னாசி. கரண்டு ஆபீசுல வேலை. பயிற்சி, பயிற்சின்னு பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாப்பது நாளும் சாயங்காலம் போனாளுவ, வந்தாளுவ. அவளை நானே போய் விட்டுட்டு நானே கூட்டிக்கிட்டு வருவேன். ஐக்கியத்துக்காகத்தானேன்னு. அது எங்க கொண்டு போய் விட்டுதுன்னா, ஒரு நாள் சாயங்காலம் சாமியாரும் எங்க குருவானவரும் சேந்து என் வீட்டுக்கு வாராவ. ரெண்டு பேரும் சேந்து ஒரு வீட்டுக்கு வந்தது சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை. வந்து, ஞானாபரணம், பிள்ளைக ரெண்டும் ஆசைப்படுது, ரெண்டு சபையும் சேந்து நடத்தி வைப்போம்னு சொல்லுதாவ.

எனக்குத் தலைக்கு ஏறிட்டு. என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? ஐக்கியம்னா மேடையில. மைக்குல. வருசத்துக்கு ஒரு நாள். அதுக்காக என் பிள்ளையைக் கொண்டுபோயி ஆர்.சி.யில குடுப்பேனா? மூணு தலைமுறையா எங்க குடும்பம் கோயில் கமிட்டியில இருக்கு. என் பாட்டனாரு பேரு மணிக்கூண்டுக் கல்லுல பொறிச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் காப்பிகூடக் குடுக்காம அனுப்பினேன்.

மக போயிட்டா. ஆர்.சி. கோயில்லயே கல்யாணம் நடந்துச்சு. நான் போகலை, என் வீட்டுக்காரியையும் விடலை. மக வீட்டுப் படியில ஏறினா நம்ம வீட்டுப் படியில ஏறாதேன்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன். என் வீட்டுக்காரிக்கு மனோரஞ்சிதம்னு பேரு. வாயில்லாப் பூச்சி. கோயில்ல ஜெபம் பண்ணச் சொன்னாக்கூடக் கண்ணுல தண்ணிதான் வரும், சத்தம் வராது. வந்தாலும் பக்கத்துல முழங்கால் போட்டிருக்கவளுக்கே கேக்காது. நான் வாய் ஓயாத ஆளு, அவ இப்படி. கர்த்தர் பொருத்தம் பாத்துத்தான் சேத்திருக்காரு.

மூணே தெரு தள்ளித்தான் இருக்கா மக. பிள்ளையும் பிறந்தாச்சு. ஆம்பிளைப் பிள்ளைன்னு மீன்காரி சொன்னா. தொட்டில் மாசத்துலயே அங்க ஞானஸ்நானமும் குடுத்துட்டானுவ. பேரு என்னவோ வச்சிருக்கானுவ, அந்தோணியோ ஆரோக்கியமோ. எனக்கு என்ன? நான் கேக்கலை, ஒருத்தரும் சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரி மட்டும் சாயங்காலமானா மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்னு போவா. கொடியில துணியே இருக்காது. அந்தத் தெருவைப் பாத்துக்கிட்டு நிப்பா. நான் கண்டுக்கிட மாட்டேன். மனுசனுக்கு ஒரு தாராளம் வேணும்லா.

கைதட்டுதானுவ பாருங்க! பெரிய வெள்ளிக்கிழமை கைதட்டுதானுவ! துக்க வீட்டுல கைதட்டுவாங்களா தம்பி? வலது பக்கக் கயிறுக்காரனுவ. ஒண்ணும் சொல்லுததுக்கு இல்லை.

போன வருசம் என்ன ஆச்சுன்னா, சீட்டுல மூணாவது வார்த்தை பாஸ்டர் ஜெபசிங்குக்கு விழுந்துச்சு. சரி, மாதாவை விட்டுட்டு வேற என்னமும் பேசட்டும்னு இருந்தா, மனுசன் ஆரம்பிக்காரு. சாகப் போற நேரத்துலயும் தாய் தனியா நிக்கக் கூடாதுன்னு நினைச்சாரு நம்ம ஆண்டவர், இந்த ஊர்ல ஒரு தாய் மூணு தெரு தள்ளி இருக்க மகளைப் பாக்க முடியாமக் கிடக்கான்னு. பேரு சொல்லலை. சொல்ல வேண்டியதுமில்லை. ஏழு சபையும் திரும்பி இந்தத் தட்டியைப் பாக்குது. எனக்கு எப்படி இருக்கும்? இவருக்கும் எங்க குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? இவரு சபையே நாலாக் கிழிஞ்சு கிடக்கு, இவரு அடுத்தவன் வீட்டைத் தைக்க வாராரு.

நேரம் வேற ஆயிட்டு அவருக்கு. மைக்கை அணைச்சேன். நேரத்துக்காகத்தான். கரண்டு போயிட்டுன்னு ஜாடை காட்டினேன். ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஆனா அவனுவளுக்கு என்ன தெரியும்? பத்து நிமிசம் வாயை வாயை அசைச்சுட்டு இறங்கிட்டாரு. ஒழுங்கு காத்ததுக்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கணும். அதை விட்டுட்டு என்னைக் கமிட்டியில இருந்து எடுத்துட்டானுவ. ஐக்கியத்தைப் பெத்தவனையே! எடுக்கணும்னு தீர்மானம் போடும்போது மட்டும் ஏழு சபையும் ஒரே குரல்ல ஆமான்னு சொல்லியிருக்கு. இதுவரைக்கும் அவனுவ ஒண்ணாச் சொன்னது அது ஒண்ணுதான்.

ஆனா மைக்குக்கு எங்க போவானுவ? வந்தானுவள்லா. குருவானவரே வந்தாரு. இந்த வருசமும் நீங்கதான் போடணும் அண்ணாச்சின்னு. போட்டிருக்கேன். தொழில் வேற, கோவம் வேற. எனக்குப் பெரிய மனசு.

இந்த வருசக் கூத்தைக் கேளுங்க. மூணாவது வார்த்தையை எந்தச் சபைக்கும் குடுக்கலையாம். போஸ்டர்ல எல்லாருக்கும் பேரு போட்டிருக்கு, மூணாவதுக்கு நேரா மட்டும் ஒரு தாய்னு போட்டிருக்கு. ஒரு தாயாம்! பேரு கிடையாது. ஊர்ல தாய்க்கா பஞ்சம்? எவளாவது மாதர் சங்கத் தலைவியா இருக்கும், பட்டுக்கரை வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு எழுதி வச்சு வாசிப்பா. பிரசங்கம் பண்ண ஆள் இல்லைன்னு பொம்பளையை ஏத்துதானுவ. சாமியாரும் பாஸ்டரும் கூடிக் கூடிப் பேசினாவளாம், இதுக்கு ஒத்துக்கிட்டாவளாம். என்னைக் கேட்டா ஒழுங்கா ஒரு யோசனை சொல்லியிருப்பேன். கேக்கலை. நாசமாப் போகட்டும்.

பாட்டு முடிஞ்சுது. பாத்தீங்களா, ஒரே பாட்டு, மூணு இழுப்பு. நாங்க முடிச்ச பிறகு ஆர்.சி. முடிக்கு, கடைசியில வலது பக்கம் தனியா ஒரு ஆமென். மூணாவது வார்த்தைக்குக் கூப்பிடுதாவ. இருங்க, அந்த அம்மா எவ்வளவு உயரமோ, மைக்கைத் தூக்கி வச்சிருக்கேன்...

இது யாரு?

தம்பி, கொஞ்சம் நகருங்க. அந்த இடுக்கை மறைக்காதீங்க.

இவ எங்க மேடைக்குப் போறா? ஏய், இவளை யாரு கூப்பிட்டா? காலையில என்கிட்ட, பொம்பளைக பக்கம் தூண் ஓரமா உக்காந்திருப்பேன்னுதானே சொன்னா. சோறு வடிச்சு வச்சிட்டு, வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு, போயிட்டு வாரேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி. என் வீட்டுக்காரிதான். ஆமா, மனோரஞ்சிதம்தான். மைக் கம்பியைப் பிடிக்கா பாருங்க, அந்த உரசல் குழாய்ல கடகடன்னு கேக்குது. என் மானத்தை வாங்கணும்னே ஏத்தி விட்டிருக்கானுவ. எல்லாம் அந்த ஜெபசிங் வேலை. சாமியாரும் கூட்டு. இவளுக்குப் பேச வருமா? முழிச்சுக்கிட்டு நிக்கப் போறா. சிரிக்கப் போறானுவ.

இந்தத் திருகுதான் மேடை மைக்கு. என் கை இதுலதான் இருக்கு. அவ மானத்துக்காகத்தான் சொல்லுதேன், அணைச்சுட்டா கரண்டு மேல பழி போயிரும், அவளும் இறங்கிருவா. அவளுக்கு நல்லதுதானே? நீங்களே சொல்லுங்க.

உஸ். பேசுதா.

கேட்டீங்களா? கேட்டீங்களா என்ன சொல்லுதான்னு? "பின்னால மைக் பாக்கது எங்க பியூலா அப்பா. போன வருசம் பாஸ்டருக்குப் போன மாதிரி எனக்கும் கரண்டு போயிரும். அவங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நான் இது இல்லாமலே பேசுதேன்." ஏழு சபை முன்னால! பியூலா அப்பான்னு! அந்தப் பேரை இந்த மைக்குல!

கீழ வச்சுட்டா. மைக்கைக் கழட்டிப் பலகை மேல வச்சுட்டு முன்னால வந்து நிக்கா. மேடை ஓரத்துக்கு வந்துட்டா. விழுந்துராதடீ.

என்ன பேசுதா? வாய் அசையுது. எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நான் அணைக்கலை தம்பி, சத்தியமா அணைக்கலை, பாருங்க, சிவப்பு விளக்கு எரியுது. சத்தத்தை முழுசாக் கூட்டிட்டேன். குழாய்ல வெறும் காத்துதான் வருது. பலகையில கிடக்குத மைக்குக்கு அவ சத்தம் எட்டலை. அவ சத்தந்தான் எப்பவுமே எட்டாதே.

பின்வரிசைக்காரனுவளுக்கும் கேக்கலை போல. எந்திரிக்கானுவ. போயிருவானுவ பாருங்க, நான் சொன்னேம்லா... இல்லை. முன்னால போறானுவ. ஏய், கயிறு! கயிறைத் தூக்கிட்டு உள்ள நுழையிதானுவ! அந்த முக்காடு போட்ட பொம்பளை பெந்தெகொஸ்தே, அவ போயி ஆர்.சி. கூட்டத்துல உக்காருதா. மேஜர் தரையில உக்காருதாரு. டிரைவர் இந்தக் கயிறை அவுத்தே போட்டுட்டான், மடப்பய. யாரு எந்தச் சபைன்னே தெரியலையே, எல்லாம் வெள்ளைச் சேலையா ஒரே குவியலாக் கிடக்கு. இருமக்கூடக் காணோம் ஒருத்தனும். இவளுக்கா? நான் இவ்வளவு பெரிய குழாய் கட்டி, ஏழு பிரசங்கியார் கத்திக் கத்திப் பேசி, ஒரு வருசமாவது இப்படி உக்காந்திருக்கானுவளா?

அந்தா, அவளும் வந்திருக்கா. கைப்பிள்ளையோட. மேடைப் படிக்குப் பக்கத்துல நிக்கா. அவ அம்மை கையை நீட்டுதா... வாங்கிட்டா. பிள்ளையை வாங்கித் தோளுல போட்டுட்டா. போட்டுக்கிட்டே பேசுதா.

என் வீட்டுப் படியில ஏறாதேன்னு சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான். அவ எங்க போவா? சாயங்காலம் அந்த வீட்டுக்குத்தான் போவா. போகட்டும். எனக்கு என்ன, சோறு வடிச்சு வச்சிருக்கா.

ஜெனரேட்டரை அணைச்சா எனக்குக் கேக்கும்னு சொல்லுதீங்களா? எப்படி அணைக்க? நடு ஆராதனையில மைக் செட்டுக்காரன் கரண்டை நிறுத்தலாமா? தொழிலுக்கு ஒரு முறை இருக்கு. அடுத்த வார்த்தைக்கு யாராவது மைக்கை எடுத்தா நான் இங்க இருக்க வேண்டாமா? நான் இந்த இடத்தை விட்டு நகர முடியாது தம்பி.

நீங்க போங்க. நீங்க வெளியாளு, உங்களை எந்தப் பக்கம்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். போயி முன்னால நின்னு கேளுங்க. என்னைப் பத்தி என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரிய வேண்டாம், அதெல்லாம் எனக்குத் தேவை இல்லை. அந்தப் பிள்ளை பேரைச் சொல்லுதாளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. சும்மாதான். நல்ல சத்தமா யாராவது கூப்பிட்டா காதுல வாங்கிக்கிடுங்க. உங்க செல்லை நான் பாத்துக்கிடுதேன். ஓடுங்க தம்பி, அவ பேசி முடிச்சிரப் போறா.